கல்லறைத் தோட்டத்தின் பழைய வாசல்

கல்லறைத் தோட்டம் என்றால் எனக்குச் சிறு வயதிலிருந்தே பயம். பேய் பிசாசு பற்றிய பயம் என்று சொல்ல முடியாது. அந்த மண்ணில் நான் கால் வைத்தால் எங்கள் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிடும் என்று நினைத்தேன். அந்த நினைப்பை எனக்குள் போட்டவர் அம்மா. கோவையில் எங்கள் சபையில் யார் இறந்தாலும், ஆராதனை முடிந்து பெட்டியை வண்டியில் ஏற்றும்போதே அம்மா என் தோளைத் தொட்டுத் திருப்பிவிடுவார். "நீ வேண்டாங் கண்ணு. நீ ஊட்டுக்கு நட" என்பார். எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் வளர்ந்து, தலை நரைத்த பிறகும் அது மாறவில்லை. அப்பாவை அடக்கம் செய்த அன்றும் நான் கேட்டுக்கு வெளியே காரில்தான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பாடுகிற சத்தம் கேட்டது. நடுவில் அம்மா ஒருமுறை வெளியே வந்து, நான் காருக்குள்தான் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

போன வருடம் லெந்து என்னும் தவக்காலத்தில் அந்தச் செய்தியைப் படித்ததும் நான் போனைக் கவிழ்த்துவைத்ததற்கு அதுதான் காரணம். தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருந்தார். சத்தியமங்கலம் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் பழைய மிஷன் ஊரின் கல்லறைத் தோட்டத்தில் புதர் மண்டிவிட்டது, பொக்லைன் வைத்துச் சுத்தம் செய்யப்போகிறார்கள், சொந்தக் கல்லறைகள் உள்ள குடும்பங்கள் முன்னதாக வந்து அடையாளம் காட்ட வேண்டும், காட்டாதவை சமன் செய்யப்படும் என்று அதில் இருந்தது.

எங்களுக்கு அங்கே இரண்டு கல்லறைகள் இருந்தன. ஒன்று, அப்பாவின் அப்பாவுடையது. அப்பாரு என்று வீட்டில் சொல்வோம். நான் பார்த்ததில்லை. இன்னொன்று, என் அக்காவுடையது. அவளையும் நான் பார்த்ததில்லை. அப்பா அந்த ஊர் மிஷன் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது அக்கா காய்ச்சலில் இறந்துபோனாள். நாலு வயதுப் பிள்ளை. அப்போது நான் அம்மாவின் வயிற்றில் இருந்தேன். நான் பிறந்த கொஞ்ச நாளிலேயே அப்பா மாற்றல் வாங்கிக்கொண்டு கோவைக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்த ஊர்ப்பக்கம் போகவில்லை. அக்காவைப் பற்றிப் பேச்சு வந்தால் அம்மா ஏதாவது வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவார். ஒரே ஒருமுறை, நான் கல்லூரியில் படித்தபோது, அவராகவே சொன்னார். "நான் வாயும் வயிறுமா இருந்தேன். அடக்கத்துக்குக்கூட என்னைய உடல. நான் அந்தத் தோட்டத்துக்குள்ள போனதே இல்ல."

கல்லறை எங்கே இருக்கிறது என்று அப்பா ஒருமுறை என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தார். கேட்டுக்குள் நுழைந்தால் இடது கைப் பக்கம், சுவரோரமாக, வேப்ப மரத்துக்கு அடுத்தாற்போல. அப்பாருவின் கால்மாட்டில் அக்கா. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நாங்கள் கிளம்பினோம். என் வீட்டுக்காரர் தைரியசாலி. எனக்கும் சேர்த்து அவரே தைரியமாக இருந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது அம்மா சேலை மாற்றிக்கொண்டு, கைத்தடியுடன் வாசலில் நின்றார்.

"நானும் வாரேன்."

"நீங்க எதுக்குங்கம்மா? வெயிலு. அங்க ரோடு வேற எப்பிடி இருக்குதோ."

"வண்டியிலயே உக்காந்துக்கறேன்."

"அத்தைக்கு எடம் ஞாபகம் இருக்குமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அம்மாவுக்குக் காது மந்தம். அவர் சத்தமாக இன்னொருமுறை கேட்க வேண்டியிருந்தது.

"எனக்கென்ன தெரியும் மாப்பிள்ளை? நாந்தான் உள்ள போனதே இல்லையே" என்றார் அம்மா. சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

அன்னூர், புளியம்பட்டி வழியாகப் போனோம். புளியம்பட்டியில் சாப்பிட நிறுத்தியபோது அம்மா டீ மட்டும் குடித்தார். சத்தியில் பவானிப் பாலத்தைத் தாண்டியதும் மலை கண்ணெதிரே வந்து நின்றது. ரோட்டின் இரண்டு பக்கமும் வாழையும் கரும்பும் மக்காச்சோளமும். பல தோட்டங்களைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, மின்வேலி என்று எச்சரிக்கும் மஞ்சள் பலகை மாட்டியிருந்தார்கள். அம்மா எதையும் கேட்கவில்லை. கண்ணாடியோடு கண்ணாடியாக முகத்தை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே வந்தார்.

கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே, புதிதாகப் போட்ட தார்ரோட்டை ஒட்டி இருந்தது. ஆலயத்தில் உபதேசியாராக இருக்கும் ஒருவரை ஆயர் எங்களுக்காக அனுப்பியிருந்தார். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். மொபெட்டில் சாய்ந்துகொண்டு கேட்டருகே நின்றார். கையில் ஒரு கொடுவாள் வைத்திருந்தார். அதை என் வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

"நீங்க வரலீங்களா?"

"நான் கேட்டு வரைக்குந்தானுங்க." அவர் மலைப்பக்கம் ஒருமுறை பார்த்தார். "ராத்திரி ஒத்த ஆனை ஒண்ணு பின்னாடி வாழைத் தோட்டத்துல எறங்கீருச்சுங்க. வெடி போட்டு முடுக்குனாங்க. விடியறதுக்குள்ள மலை ஏறியிருக்குமுங்க."

"ஏறீருச்சுங்களா, ஏறியிருக்குமுங்களா?" என்று நான் கேட்டேன்.

"ஏறியிருக்குமுங்க" என்றார் அவர் மறுபடியும்.

நான் திரும்பிப்போய்விடலாம் என்றேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, அரை மணி நேரம், பார்த்துவிட்டுப் போய்விடலாம், நீ வேண்டுமானால் அத்தையோடு வண்டியில் இரு என்றார். நான் காரைப் பார்த்தேன். அம்மா கண்ணாடியை இறக்கிவைத்து, மடியில் கை கோத்து உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க ஏனோ கஷ்டமாக இருந்தது. ஆனால், என்றைக்கும் போல "நீ வேண்டாங் கண்ணு" என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை; சுவர் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால்தான் நான் உள்ளே போனேன்.

உள்ளே தோட்டம் என்று எதுவும் இல்லை. உண்ணிச்செடி என் தலைக்கு மேலே வளர்ந்து, ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. அதற்குள் சீமைக்கருவேல முள். என் வீட்டுக்காரர் வெட்டி வெட்டி ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு வழி செய்துகொண்டே போனார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு போனேன். முள்ளுக்கு நடுவே திடீரென்று ஒரு சிலுவையின் கை நீட்டிக்கொண்டு நிற்கும். எங்கேயோ ஒரு வெள்ளைக்காரக் குருவின் கல்லறை, இரும்புக் கிராதி போட்டது. அதன் நடுவில் அரச மரம் முளைத்து மூடுகல்லை இரண்டாகப் பிளந்திருந்தது. வெளியே அவ்வளவு வெயில். உள்ளே பச்சையாக ஒரு இருட்டும் புழுக்கமும் இருந்தன. எங்கள் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. ஒரு குருவிகூடக் கத்தவில்லை.

இடது பக்கம் சுவர் வரைக்கும் போனோம். வேப்ப மரம் இல்லை. வெட்டியிருப்பார்கள் என்று நினைத்து, அடிக்கட்டை கிடைக்குமா என்று சுவரோரமாகத் தேடினோம். கிடைத்த கற்களையெல்லாம் இலையால் தேய்த்து எழுத்தைப் பார்த்தோம். யார் யாருடைய பெயர்களோ இருந்தன. அப்போதுதான் என் இடது காலுக்குக் கீழே மண் இல்லாமல் போனது.

உள்வாங்கிப்போன ஒரு பழைய குழி. மேலே சருகு மூடியிருந்ததால் தெரியவில்லை. தொடை வரைக்கும் கால் இறங்கிவிட்டது. உள்ளே ஈரமாக, சில்லென்று ஏதோ என் பாதத்தில் பட்டது. வேராகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த நொடியில் எனக்கு அது வேராகத் தெரியவில்லை. நான் கத்திவிட்டேன். என் வீட்டுக்காரர் கொடுவாளைப் போட்டுவிட்டு என் இரண்டு கக்கத்திலும் கைகொடுத்துத் தூக்கினார். கால் வெளியே வந்தது. செருப்பு உள்ளேயே போய்விட்டது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். "கால் வெச்சாச்சு, கால் வெச்சாச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். அவர்தான் பிறகு சொன்னார். எனக்கு ஞாபகம் இல்லை.

ஞாபகம் இருப்பது அதற்கு அடுத்தது. என்னை எழுப்புவதற்காகக் குனிந்த அவர் அப்படியே நின்றார். மூக்கை உறிஞ்சினார். எனக்கும் அந்த வாடை வந்தது. மாட்டுக் கொட்டில் வாடை மாதிரி, ஆனால் அதைவிடக் கனமாக. எங்களுக்கு எதிரே, வெட்டாத புதருக்கு அந்தப் பக்கம், செடிகள் அகலமாக ஒடிந்து சாய்ந்து ஒரு பாதை போலக் கிடந்தன. அதன் வாயில் சாணம் குவியலாக இருந்தது. அதில் வாழை நார் தெரிந்தது. ஈ இன்னும் சரியாக மொய்க்கவில்லை.

"ஏனுங்க..." என்றேன்.

அவர் என் வாயைப் பொத்தினார். நான் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு வெளுப்பைப் பார்த்ததில்லை. எனக்கும் சேர்த்துத் தைரியமாக இருப்பார் என்று நம்பியிருந்த மனிதர், கீழே போட்ட கொடுவாளை எடுக்கக்கூடக் குனியவில்லை. அப்போது அந்த ஓசையைக் கேட்டேன். பெரிய முறத்தால் யாரோ நிதானமாக விசிறுவது போல. பட். பட். கொஞ்சம் நிற்கும். மறுபடி பட். அது யானை காது விசிறுகிற சத்தம் என்று எனக்குச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றுதான் தெரியவில்லை.

முதுகை வாசல் பக்கமாகக் காட்டி, பின்னாலேயே நடந்தோம். முள் முதுகைக் கிழித்தது. கேட்டுக்கு வெளியே வந்து தார்ரோட்டை மிதித்ததும் எனக்கு மூச்சு வந்தது. உபதேசியார் மொபெட்டை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நகர்த்தி, ஸ்டார்ட் பண்ணி வைத்துக்கொண்டு, போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் காரைத் திறந்தோம்.

அம்மா இல்லை.

சீட்டில் அவருடைய தண்ணீர் பாட்டில் மட்டும் கிடந்தது. கைத்தடியையும் காணவில்லை.

"அம்மா எங்கீங்க?"

"சொவத்தோரமா ஸ்கூல் பக்கம் நடந்தாங்களேங்க. பாத்ரூம் போறாங்கன்னு நெனச்சேனுங்க." அவர் குரல் இறங்கிப்போனது. "அந்தப் பக்கந்தானுங்க பழைய வாசல் இருக்குது. இந்தக் கேட்டு ரோடு போட்டப்ப வெச்சது."

பழைய வாசல். அதைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்பா சொன்ன வாசல் இதல்ல. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்துதான் உள்ளே போயிருக்கிறார்கள். அந்தப் பக்கத்து இடது என்றால், இந்தப் பக்கமிருந்து பார்த்தால் வலது. தோட்டத்தின் வேறொரு மூலை. ஆனால் அது அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

என் வீட்டுக்காரர் "அத்தை!" என்று கத்த வாயெடுத்தார். உபதேசியார் தடுத்தார். "சத்தம் போட்டீங்கன்னா அது எந்தப் பக்கம் திரும்புமுன்னு சொல்ல முடியாதுங்க. பாரஸ்ட்காரங்களுக்குச் சொல்லிட்டேன், வந்துட்டிருக்காங்க." கத்தியிருந்தாலும் பயனில்லை. அம்மாவின் காதில் விழுந்திருக்காது. அவர்கள் பேசி முடிக்கும் முன்பே நான் ஓடத் தொடங்கிவிட்டேன். ஒரு காலில் செருப்பு இருந்தது. கொஞ்ச தூரத்தில் அதையும் உதறிவிட்டேன். சுவரோரம் நெருஞ்சியும் கண்ணாடிச் சில்லுமாக இருந்தது. சுவர் முடிவே இல்லாமல் போனது. அம்மா யானையிடம் சிக்கியிருப்பார், அல்லது நான் விழுந்ததுபோல ஏதோ குழியில் விழுந்து கிடப்பார், நான் உள்ளே கால் வைத்ததால்தான் இது என்று மனதுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே வந்தது.

விடுமுறை நாளாதலால் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. அதன் விளையாட்டு மைதானத்துக்கு எதிரே, சுவரில் இரண்டு பழைய தூண்கள். கதவு இல்லை. தூணைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தேன்.

அந்த மூலையில் அவ்வளவு புதர் இல்லை. பெரிய வேப்ப மரம் நிழல் விரித்திருந்ததால் புல் மட்டும்தான் வளர்ந்திருந்தது. மரத்தடியில், சிலுவை வைத்த ஒரு பெரிய கல்லறை. அதன் கால்மாட்டில் அம்மா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, ஒரு சின்னக் கல்லைச் சுற்றியிருந்த புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். வீட்டில் கீரை ஆய்வது போல அவசரமில்லாமல் பிடுங்கி ஒரு பக்கமாகக் குவித்துவைத்திருந்தார். அவருக்குப் பின்னால், ஒரு கல் எறிகிற தூரத்தில், உண்ணிப் புதருக்கு மேலே செம்மண் அப்பிய ஒரு முதுகு தெரிந்தது. பாறை என்றுதான் முதலில் நினைத்தேன். பாறை நகர்ந்தது.

எனக்குக் கால் வரவில்லை. இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அம்மா அங்கே இருக்கிறார், யானை அங்கே இருக்கிறது, நான் போக வேண்டும். எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் இரண்டு தூணுக்கு நடுவே கோடு கிழித்தது போல என் கால் அங்கேயே நின்றுவிட்டது. உள்பாவாடை நனைந்துவிட்டது. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்பிள்ளை நான்.

அப்போது அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது திகைப்பு. திருட்டுத்தனமாக எதையோ செய்யும்போது பிடிபட்ட சின்னப் பிள்ளையின் முகம். யானை இருப்பது அவருக்குத் தெரியவே இல்லை. அடுத்து வாயைத் திறந்தார். காது கேளாதவர், எப்போதும் சத்தமாகப் பேசுகிறவர்.

நான் எப்படி உள்ளே போனேன் என்று எனக்கு இன்றும் தெரியாது. அவர் "நீ எதுக்கு..." என்று தொடங்கியதும் என் கை அவர் வாயில் இருந்தது. அவரை அப்படியே இழுத்து அப்பாருவின் கல்லறைக்கு இந்தப் பக்கம் சாய்த்து, நானும் அவர் மேல் கவிழ்ந்து படுத்தேன். அம்மாவின் உடம்பு பறவையினுடையதைப் போல அவ்வளவு லேசாக இருந்தது.

காது விசிறுகிற சத்தம் நின்றது.

அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தவரை நான் பட்ட பயம் ஒன்றும் பெரிதில்லை. அது நின்றதும்தான் உண்மையான பயம் வந்தது. யானை கவனிக்கிறது. கல்லின் ஓரமாக ஒரு கண்ணால் பார்த்தேன். புதரை விலக்கிக்கொண்டு அது பாதி வெளியே வந்து நின்றது. கொம்பு ஒன்று நீளம், ஒன்று குட்டை. தும்பிக்கையை மேலே தூக்கி, எங்கள் பக்கம் திருப்பி, காற்றைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தது. அம்மாவும் அதைப் பார்த்துவிட்டார். அவர் உடம்பு ஒருமுறை விறைத்தது. பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் புரியவில்லை. எனக்குக் கீழே கிடந்தவர், கையைக் கழற்றிக்கொண்டு, என் தலையைத் தன் கழுத்துக்குள் அழுத்தி, முந்தானையை இழுத்து என் முகத்தை மூடினார். மூடிவிட்டு என் காதோடு வாயை வைத்து, மூச்சாக மட்டும் கேட்டார்.

"நீ எதுக்கு உள்ள வந்தே?"

யானையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். நீ எதுக்கு உள்ள வந்தே. முந்தானைக்குள் இருட்டாக இருந்தது. தரை வழியாக ஒரு அதிர்வு வந்தது. ஒரு அடி. இன்னொரு அடி. எங்களை நோக்கியா, அந்தப் பக்கமா என்று தெரியாமல் நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். ஜெபம்கூட வாயில் வரவில்லை.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. பிறகு செங்கல் சரிகிற சத்தம் கேட்டது. வாழைத் தோட்டத்துப் பக்கச் சுவரைத் தள்ளிவிட்டு, இடிந்ததைத் தாண்டி அது இறங்கிப் போனது. வாழை முறிகிற சத்தம் தள்ளித் தள்ளிப் போய், மெல்லத் தேய்ந்தது. அதற்கும் பிறகு வெகுநேரம் நாங்கள் எழுந்திருக்கவில்லை. என் வீட்டுக்காரரும் காக்கிச் சட்டை போட்ட இரண்டு பேரும் தூணுக்கு நடுவே வந்து நின்று கூப்பிட்டபோதுதான் எழுந்தோம். வனத்துறை ஜீப் முன்பே வந்துவிட்டிருந்ததாம். "பொண்டாட்டியும் அத்தையும் உள்ள இருக்காங்க, வெடி போட்டுராதீங்க" என்று என் வீட்டுக்காரர் ரோட்டில் நின்று அவர்களைக் கும்பிட்டுக் கெஞ்சியிருக்கிறார். வெடி போட்டிருந்தால் அது எங்கள் பக்கமாகத்தான் ஓடி வந்திருக்கும் என்று காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் சாதாரணமாகச் சொன்னார்.

பள்ளிக்கூடத்து வராந்தாவில் எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். என்னால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அம்மாதான் பிடித்துக் குடிக்கவைத்தார். ஆண்கள் கொஞ்சம் தள்ளிப் போனதும் நான் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"உள்ள போனதே இல்லன்னு சொல்லுவீங்களேம்மா. எடம் எப்பிடித் தெரிஞ்சுது?"

அம்மா விரலிடுக்கில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"போகாத நாளே இல்ல கண்ணு" என்றார். "உங்கொப்பா இங்க பாடம் நடத்தீட்டு இருப்பாரு. நான் துணி தொவைக்கப் போறேன்னு ஊட்டுல சொல்லீட்டு, இந்த வாசல் வழியாப் போயி அவகிட்ட உக்காந்துட்டு வருவேன். வயித்துப் புள்ளைக்காரி அங்க கால் வெக்கக்கூடாது, உள்ள இருக்கறதுக்கு ஆகாதுன்னு எல்லாருஞ் சொன்னாங்க. கேக்கல. சின்னப் புள்ள, தனியாப் படுத்திருக்கறாளேன்னு ஓடி ஓடிப் போனேன். உன்னெ வயித்துல வெச்சுட்டு."

அம்மா அடுத்த விரலிடுக்கில் இருந்த மண்ணைத் தட்டினார்.

"நீ பொறந்தப்ப அழுகவே இல்ல. நீலம் பாரிச்சுக் கெடந்தே. மருத்துவச்சி தலைகீழாப் புடிச்சுத் தட்டுனா. அப்பத்தான் நெனச்சேன், நாந்தான் இவளக் கூட்டிட்டுப் போயி இப்பிடிப் பண்ணிப்போட்டேன்னு. அப்பறம் நீ அழுதே. ஆனா எனக்கு அது போகல. உனக்குக் காய்ச்சல் வந்தாலும் அதுதான், நீ பரீச்சைக்குப் போனாலும் அதுதான், பிரசவத்துக்குப் போனாலும் அதுதான். உங்கொப்பாகிட்டக்கூடச் சொல்லல. எப்பிடிச் சொல்லறது?"

காலையில் அவர் ஏன் இடம் தெரியாது என்றார் என்பது அப்போது புரிந்தது. இடத்தைச் சொன்னால் போனதையும் சொல்ல வேண்டும். என் பயம் எங்கிருந்து வந்தது என்பதும் புரிந்தது. இத்தனை வருடம் அதை என் சுபாவம் என்றே நினைத்திருந்தேன்.

"உள்ள வந்துட்டேனேம்மா. ஒண்ணும் ஆகலையே" என்றேன் அவர் காதருகே.

அம்மா என் கிழிந்த பாதத்தை மடியில் எடுத்துவைத்து, முள்ளைத் தேடிக்கொண்டே சொன்னார். "இப்பத்தான வந்திருக்கறே. பாக்கலாம்."

கோவை வந்து சேரும் வரையிலும், அதற்கு மறுநாளும், அவர் என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் வரவில்லை. மூன்றாம் நாள் எனக்குத் தும்மல் வந்தபோது அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். ஒருநாளில் போகிற பயம் அல்ல அது.

புதர் வெட்டிய அன்று நான் மறுபடியும் போனேன். வனத்துறை ஆட்கள் இரண்டு பேர் மலைப் பக்கம் காவலுக்கு நின்றார்கள். பழைய வாசல் வழியாக, நல்ல ஷூ போட்டுக்கொண்டு, என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். ஒரு சருகு அசைந்தாலும் திரும்பிப் பார்த்தேன். அப்பாருவின் கல்லறையையும் அக்காவின் சின்னக் கல்லையும் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு போட்டோம். அந்தக் கல்லில் எழுத்து அநேகமாக அழிந்துவிட்டது. நித்திரையடைந்தாள் என்பது மட்டும் விரலால் தடவினால் தெரிகிறது. பொக்லைன் உறுமிக்கொண்டு வந்து உண்ணிச்செடியை வேரோடு அள்ளியது. அதன் கீழிருந்து நினைத்ததைவிட அதிகமான கற்கள் வெளியே வந்தன. கோடு போட யாரும் வராத கற்கள். ஆயர் அவற்றின் முன் நின்று ஒரு ஜெபம் சொன்னார். பிறகு மண் தள்ளினார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஆனாலும் வேலை முடியும்வரை நின்றேன்.

வீட்டுக்கு வந்து போனில் எடுத்த படத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"கல்லு ஒடையலயே?"

"ஒடையலீங்கம்மா."

படத்தைத் தடவிவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார். இறந்த பிறகு தனக்கும் அந்த வேப்ப மரத்தடியிலேயே இடம் வேண்டும் என்று கேட்பாரோ என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது. கேட்டால் என்ன செய்வது என்றும் யோசித்துவைத்திருந்தேன். அதனால் நானே கேட்டுவிட்டேன்.

அம்மா உடனே தலையை ஆட்டினார். "வேண்டாஞ் சாமி. உங்கொப்பாகிட்டயே போட்டுருங்க. அங்க ஆனை வருது. நீ பாட்டுக்கு என்னெப் பாக்க வாரேன்னு கெளம்பி வந்துருவே."